எக்கோ த டால்பின்: உடம்பு டால்பினுடையது, மனசு நம்முடையது

1992-ல் சேகா மெகா டிரைவ் கன்சோலுக்காக வந்த ‘எக்கோ த டால்பின்’ கேமை இன்றைக்கு விளையாடலாமா என்றால், தாராளமாக விளையாடலாம். டால்பினை வைத்து வந்த கேம்களில் இதன் பக்கத்தில் வைக்க எனக்கு வேறொன்று கிடைக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் டால்பினைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்து வாங்குபவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. டால்பினின் உடம்பை இந்த அளவுக்கு மதித்த கேம் அபூர்வம். டால்பினின் அறிவு என்று இது காட்டுவதில் பெரும்பகுதியோ மனிதனின் அறிவுதான், துடுப்பு மாட்டித் தண்ணீரில் இறக்கிவிட்டிருக்கிறார்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் கேமையும் நன்றாக ரசிக்கலாம், நிஜ டால்பின் மேல் மரியாதையும் கூடும்.

முதலில் கதை. புடாபெஸ்டில் இருந்த நோவோட்ரேட் நிறுவனம் உருவாக்கியது, வடிவமைத்தவர் எட் அனுன்சியாட்டா. எக்கோ ஒரு இளம் டால்பின், நெற்றியில் ஐந்து நட்சத்திரக் குறிகள். தன் கூட்டத்தோடு ஒரு விரிகுடாவில் திரிந்துகொண்டிருக்கிறது. உன்னால் எவ்வளவு உயரம் துள்ள முடியும் என்று கூட்டாளி ஒன்று கேட்கிறது. நாம் ஆழத்திலிருந்து வேகமெடுத்துப் பாய்ந்து காற்றில் இருக்கிற அந்த நொடியில் பெரிய நீர்ச்சுழல் ஒன்று எழுந்து கடலில் இருந்த எல்லா உயிரையும் உறிஞ்சிக்கொண்டு போய்விடுகிறது. எக்கோ மட்டும் மிச்சம். அப்புறம் ஓர்க்கா (கொலைகாரத் திமிங்கலம் என்பார்கள்) ஒன்று வழி சொல்ல, ஆர்க்டிக்கில் இருக்கும் பிக் ப்ளூ என்ற கிழட்டு நீலத்திமிங்கலத்திடம் போய், அது அனுப்ப ஆஸ்டரைட் என்ற ஆதி உயிரிடம் போய், மூழ்கிப்போன அட்லாண்டிஸில் கிடைக்கும் காலயந்திரத்தில் ஏறி ஐந்தரைக் கோடி ஆண்டு பின்னால் போய், கடைசியில் வோர்டெக்ஸ் என்ற வேற்றுக்கிரகக் கூட்டத்தோடு மோத வேண்டும். அவர்கள் 500 ஆண்டுக்கு ஒருமுறை கோள்கள் வரிசைக்கு வரும்போது பூமியின் கடலிலிருந்து தங்களுக்கு உணவு அறுவடை செய்துகொண்டு போகிறவர்கள். எழுத்தில் படித்தால் விசித்திரமாக இருக்கும், விளையாடும்போது வருவது பயம்தான். அந்தப் பயத்தை உண்டாக்குவதில் இந்த கேமுக்கு இருக்கும் திறமை தனி.

தொடக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எந்த வழிகாட்டலும் கிடையாது. அந்த விரிகுடாவில் நீங்கள் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீந்தலாம், மீன் பிடிக்கலாம், மற்ற டால்பின்களோடு சுற்றலாம், ஒன்றும் நடக்காது. உயரத் துள்ளினால்தான் கதையே ஆரம்பிக்கும். அதாவது டால்பினின் உடம்போடு உங்களுக்குப் பழக்கம் வரும்வரை கேம் காத்திருக்கிறது. பட்டனைத் தட்டித் தட்டி வேகம் ஏற்றுவது, அந்த வேகத்தைத் தக்கவைத்துக்கொண்டே வளைவது, மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து சரியான கோணத்தில் மறுபடி நீரில் விழுவது, இதெல்லாம் கை பழகியபிறகு வேறு எந்த கேமிலும் கிடைக்காத சுகம்.

மூச்சை எடுத்துக்கொள்வோம். திரையில் இரண்டு அளவுக்கோடுகள், ஒன்று உயிர், இன்னொன்று காற்று. காற்று தீர்ந்தால் உயிர் குறையும். குகைக்குள் போகும்போது எங்கே காற்றுப்பை இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே போக வேண்டும். கடலில் வாழும் விலங்கு கடலிலேயே மூழ்கிச் சாகலாம் என்ற உண்மையை விரலுக்குப் புரியவைக்கிற கேம் இது. நிஜத்தில் பாட்டில்நோஸ் என்ற வகை டால்பினால் ஏழெட்டு நிமிடம்கூட மூச்சடக்க முடியும், ஆனாலும் மூச்சு விடுவது அதற்கு நம்மைப் போலத் தானாக நடக்கிற வேலை இல்லை, நினைத்துச் செய்ய வேண்டிய வேலை. அதனால்தான் தூங்கும்போது மூளையின் ஒரு பாதி மட்டும் ஓய்வெடுக்கும், மறுபாதி விழித்திருக்கும், பிறகு இரண்டும் முறை மாறிக்கொள்ளும். டால்பினின் அறிவைப் பற்றிப் பேச ஆரம்பிக்க வேண்டிய இடமே இதுதான் என்று நினைக்கிறேன். முழுதாகத் தூங்கவே முடியாத ஒரு உயிருக்கு உலகம் எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியைக் கேட்கிற கதைகள் குறைவு, இந்த கேமும் கேட்கவில்லை, ஆனால் அதற்குப் பக்கத்தில் வரை வந்துவிடுகிறது.

அடுத்து ஒலி. ஒரு பட்டனைத் தட்டினால் எக்கோ பாடும். அதையே அழுத்திப் பிடித்தால் பாட்டு தூரம் போய்த் திரும்பி வந்து சுற்றுப்புறத்தின் வரைபடமாகத் திரையில் விரியும். 1992-ல் இப்படி யோசித்தது பெரிய விஷயம். கண்ணுக்குத் தெரியாததைக் காதால் பார்ப்பது என்பதை ஒரே பட்டனில் அடக்கிவிட்டார்கள். ஆனால் நிஜம் இதைவிடச் சுவாரசியமானது. டால்பினின் சோனார், அதாவது எதிரொலியால் பார்க்கும் முறை, எல்லாப் பக்கமும் பரவும் அலை கிடையாது, டார்ச் வெளிச்சம் போல முன்னால் குறுகலாகப் போவது. மூச்சுத் துளைக்குக் கீழே இருக்கும் உறுப்பில் பிறக்கும் கிளிக் ஒலிகளை நெற்றியில் இருக்கும் கொழுப்பு குவித்து அனுப்பும், திரும்பி வரும் எதிரொலியைக் கீழ்த்தாடை வாங்கிக் காதுக்குக் கடத்தும். இதன் அதிர்வெண் 100 கிலோஹெர்ட்ஸையும் தாண்டும், நம் காது 20-லேயே நின்றுவிடுகிறது. ஹவாயில் விட்லோ ஆவ் குழுவினர் வெறும் 7.62 செ.மீ. விட்டமுள்ள உலோக உருண்டை ஒன்றை நீரில் தொங்கவிட்டு எவ்வளவு தூரத்திலிருந்து டால்பின் கண்டுபிடிக்கிறது என்று சோதித்தபோது 113 மீட்டர் வரை கண்டுபிடித்தது. இன்னொரு சோதனை எனக்கு இன்னும் பிடிக்கும்: எதிரொலியால் மட்டும் ஒரு பொருளை ஆராயவிட்டு, பிறகு பல பொருள்களைக் கண்ணுக்கு மட்டும் காட்டினால், எது அந்தப் பொருள் என்று டால்பின் சரியாக அடையாளம் காட்டியது. காதால் கேட்டதைக் கண்ணால் அடையாளம் காண்கிறது என்றால் அதன் மனதுக்குள் அந்தப் பொருளுக்கு ஒரு உருவம் இருக்கிறது என்று அர்த்தம். எந்த வேற்றுக்கிரகவாசியும் வராமலேயே உடம்பு சிலிர்க்க வைக்கிற விஷயம் இது.

இனி பேச்சு. இங்கேதான் எனக்கும் கேமுக்கும் தகராறு.

எக்கோ மற்ற டால்பின்களிடம் பாடினால் அவை முழு வாக்கியத்தில் பதில் சொல்கின்றன. பிக் ப்ளூ தத்துவம் பேசுகிறது. கடலடியில் நிற்கும் படிகக் கற்கள்கூடச் செய்தி சொல்கின்றன. கேமுக்குக் கதை நகர வேண்டும், எழுத்தாவது காட்டித்தான் ஆக வேண்டும், அது புரிகிறது. ஆனால் டால்பினுக்கு நம்மைப் போலவே ஒரு மொழி இருக்கிறது, நமக்கு அகராதிதான் கிடைக்கவில்லை என்ற எண்ணம் இந்தக் கதைகள் வழியாகத்தான் ஊரெல்லாம் பரவியது. இதற்குப் பின்னால் ஒரு நிஜ வரலாறும் இருக்கிறது. 1960-களில் ஜான் லில்லி என்ற அமெரிக்க மருத்துவர், டால்பின்களுக்கு ஆங்கிலம் பேசக் கற்றுக்கொடுக்க முடியும் என்று நம்பி, கரீபியனில் செயின்ட் தாமஸ் தீவில் ஆய்வகம் வைத்தார். நாசாவின் பணமும் அதில் இருந்தது, வேற்றுக்கிரகத்தினரோடு பேச நேர்ந்தால் இது ஒரு ஒத்திகையாக இருக்கும் என்ற கணக்கு. 1965-ல் மார்கரெட் ஹோவ் என்ற இளம்பெண் பாதி தண்ணீர் நிரப்பிய வீட்டில் பீட்டர் என்ற டால்பினோடு பத்து வாரம் தங்கி வார்த்தைகள் சொல்லிக்கொடுத்தார். பீட்டர் மூச்சுத் துளையால் அந்த ஓசைகளைப் பின்பற்ற முயன்றதே தவிர ஆங்கிலம் வரவில்லை. வருவதற்கான தொண்டையே அதற்கு இல்லை. லில்லி டால்பின்களுக்கு எல்எஸ்டி என்ற போதைமருந்தைக் கொடுத்துப் பார்த்ததும் அந்தக் காலத்தில்தான். திட்டம் நின்றுபோனது, டால்பின்கள் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டன, அங்கே பீட்டர் இறந்தது. கற்பனைக் கதைகளோ அந்தக் கனவை மட்டும் எடுத்துக்கொண்டன, அந்தத் தொட்டியை விட்டுவிட்டன. பேசும் டால்பின், ஞானி டால்பின், விண்மீன்களின் ரகசியம் தெரிந்த டால்பின் என்று பிறகு வந்ததெல்லாம் அங்கிருந்து கிளைத்தவைதான், எக்கோவும் அந்தக் குடும்பத்துப் பிள்ளை.

லில்லிக்குப் பிறகு வந்த லூயிஸ் ஹெர்மன் கேள்வியையே மாற்றினார். டால்பினைப் பேச வைக்காமல், புரிந்துகொள்கிறதா என்று பார்த்தார். ஹொனலுலுவில் அகேயகமாய் என்ற டால்பினுக்குக் கைச்சைகையும் ஃபீனிக்ஸ் என்ற டால்பினுக்குக் கணினி ஒலியும் கொண்டு ஒரு சின்னச் செயற்கை மொழி கற்பிக்கப்பட்டது. வளையத்தைக் குழாயிடம் கொண்டுபோ என்பதற்கும் குழாயை வளையத்திடம் கொண்டுபோ என்பதற்கும் வித்தியாசம், இரண்டிலும் சொற்கள் அதேதான், வரிசை மட்டும் வேறு. அந்த வித்தியாசத்தை அவை பிடித்துக்கொண்டன. தொட்டியில் இல்லாத பொருளைப் பற்றிக் கேட்டால், இல்லை என்பதற்கான பலகையை அகேயகமாய் தட்டியும் காட்டியது. 1984-ல் வெளியான இந்த முடிவுகளை ஒருமுறை நிதானமாகப் படித்தால், படிகக்கல் பேசுகிற காட்சியெல்லாம் சாதாரணமாகிவிடும். கண்ணெதிரே இல்லாத ஒன்றை இல்லை என்று தெரிவிப்பது லேசான காரியமா என்ன. ஆனாலும் அது நம் பேச்சுக்குச் சமம் கிடையாது. டால்பின்கள் தங்களுக்குள் வாக்கியம் அமைத்துக் கதை பேசுகின்றன என்பதற்கு இன்றுவரை ஆதாரம் கிடைக்கவில்லை.

அவற்றுக்குள் நிச்சயமாக இருப்பது பெயர் மாதிரியான ஒன்று. ஒவ்வொரு பாட்டில்நோஸ் டால்பினும் சின்ன வயதிலேயே தனக்கென்று ஒரு சீழ்க்கையை உருவாக்கிக்கொள்கிறது. 1965-லேயே கால்டுவெல் தம்பதியர் இதைக் கவனித்து எழுதினார்கள். ஸ்காட்லாந்துக் கடலில் ஸ்டெஃபனி கிங்கும் வின்சென்ட் ஜானிக்கும், ஒரு டால்பினின் சீழ்க்கையைக் கணினியில் செயற்கையாகச் செய்து அதற்கே போட்டுக் காட்டினார்கள். தன்னுடையதைக் கேட்ட டால்பின் பதிலுக்குத் தன் சீழ்க்கையை எழுப்பியது, மற்றவற்றின் சீழ்க்கைக்கு அப்படிச் செய்யவில்லை. 2013-ல் வெளிவந்தது இது. அதே ஆண்டு ஜேசன் புரூக் இன்னொன்றைக் காட்டினார்: ஒரு காலத்தில் சேர்ந்து வாழ்ந்து பிறகு பிரிக்கப்பட்ட டால்பின்கள், 20 ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் பழைய கூட்டாளியின் சீழ்க்கையை அடையாளம் கண்டன. இந்த கேமின் கதையே கூட்டத்தைத் தொலைத்த டால்பினின் தேடல்தான். அப்படியிருக்க எக்கோவின் பாட்டில் இந்த ஒன்று மட்டும் இல்லாமல் போனது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. யோசித்துப் பாருங்கள், வெறுமையான கடலில் நீங்கள் பாடும்போது ஒவ்வொரு கூட்டாளிக்கும் உரிய சீழ்க்கையை நினைவில் வைத்து அழைக்க வேண்டும், பதில் வராமல் போக வேண்டும், எங்கோ தொலைவில் ஒருமுறை வந்துவிட வேண்டும். ஒரு வாக்கியமும் எழுதாமல் இந்தக் கதையைச் சொல்லியிருக்கலாம்.

இந்தத் தனிமைதான் கேமில் நிஜத்துக்கு மிகவும் விரோதமான பகுதி. மனித வீரகாவியத்தின் அச்சில் வார்த்ததால் எக்கோ ஒற்றையாகப் போகிறது, ஒற்றையாக மோதுகிறது, ஒற்றையாக உலகத்தைக் காப்பாற்றுகிறது. நிஜ டால்பினின் மூளை எதற்காக இவ்வளவு பெரிதாக வளர்ந்தது என்று கேட்டால், பல ஆய்வாளர்கள் சொல்லும் விடை மற்ற டால்பின்கள் என்பதுதான். பாட்டில்நோஸ் டால்பினின் மூளை சுமார் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இருக்கும், நம்முடையதைவிடச் சற்று அதிகம். எடையை மட்டும் வைத்து அறிவை அளக்க முடியாது, குளிர்நீரில் மூளையைச் சூடாக வைத்திருக்கத்தான் அது பெருத்தது என்று பால் மேங்கர் 2006-ல் வாதிட்டதும் உண்டு, அதற்குப் பலர் கடுமையாக மறுப்பு எழுதியதும் உண்டு. ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவின் ஷார்க் விரிகுடாவில் ரிச்சர்ட் கானரும் மற்றவர்களும் பல பத்தாண்டுகளாகப் பார்த்து எழுதியிருப்பதைப் படித்தால் இந்த மூளைக்கு எவ்வளவு வேலை என்று புரியும். அங்கே ஆண் டால்பின்கள் இரண்டு மூன்றாகக் கூட்டு சேர்கின்றன. அந்தக் கூட்டுகள் பலவும் சேர்ந்து பெரிய கூட்டாகின்றன. அந்தப் பெரிய கூட்டுகளுக்கு இடையிலும் நட்பு, பகை, தேவைக்கு உதவி என்று மூன்றாவது அடுக்கு. யார் யாருக்கு உதவினார்கள், நாளைக்கு யாரை நம்பலாம் என்பதையெல்லாம் ஒவ்வொன்றும் கணக்கு வைத்திருக்க வேண்டும். மனிதரைத் தவிர்த்து இவ்வளவு பெரிய அடுக்குக் கூட்டணி வேறு விலங்கில் தெரியவில்லை என்று 2022-ல் எழுதினார்கள்.

சரி, இந்தக் கூட்டணி எதற்கு? பெரும்பாலும் பெண் டால்பினைச் சுற்றி வளைத்து, மற்ற ஆண்களிடம் போகவிடாமல், சில நேரம் அடித்து மிரட்டித் தங்களோடு வைத்துக்கொள்ளத்தான். இதைப் படிக்கும்போது மனசு சங்கடப்படும், எனக்கும் பட்டது. ஸ்காட்லாந்தின் மோரே ஃபர்த் பகுதியில் கடற்பன்றிகள் (டால்பினுக்கு உறவான சின்ன விலங்குகள்) விலா எலும்பு நொறுங்கி இறந்து ஒதுங்கியதற்குக் காரணம் பாட்டில்நோஸ் டால்பின்கள்தான் என்று 1996-ல் தெரியவந்தது. தின்பதற்காகக் கொன்றவை அல்ல. தங்கள் இனத்துக் குட்டிகளையே சில டால்பின்கள் கொன்றிருக்கின்றன. எக்கோவின் உலகத்தில் தீமை என்பது வேற்றுக்கிரகத்திலிருந்து வருவது, டால்பின் குலமோ பரிசுத்தம். டால்பினைத் தேவதையாக்குகிற கதைகள் எல்லாவற்றிலும் இதே சிக்கல்தான். நல்லது என்பதால்தான் அதை மதிக்கிறோம் என்று ஆகிவிட்டால், மோரே ஃபர்த் செய்தி வந்த அன்றைக்கு மரியாதை போய்விடும். அறிவுள்ள விலங்கு கொடுமையும் செய்யும் என்று ஒப்புக்கொண்டு மதிப்பதுதான் நிலைக்கும்.

அந்தச் சிரிப்பையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கேம் அட்டைப்படத்திலிருந்து கடல் பூங்கா விளம்பரம் வரை எல்லா இடத்திலும் டால்பின் சிரிக்கிறது. அது தாடை எலும்பின் அமைப்பு. வலித்தாலும், பயந்தாலும், செத்துக் கிடந்தாலும் அதே சிரிப்புதான் இருக்கும். சின்னத் தொட்டியில் அடைபட்ட டால்பின் சந்தோஷமாக இருப்பதாக நாம் நம்புவதற்கு அந்தத் தாடைதான் பெரிய காரணம் என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மனிதனைக் காப்பாற்றும் டால்பின் என்ற பிம்பத்தை எக்கோ அவ்வளவாகத் தொடவில்லை, அதற்கு நன்றி. கேமில் மனிதர்களே கிடையாது, அட்லாண்டிஸின் இடிபாடு மட்டும்தான், இது நல்ல முடிவு. தவித்த நீச்சல்காரரை டால்பின் கரைக்குத் தள்ளிய கதைகள் நிறைய உண்டு. ஆழக்கடல் பக்கம் தள்ளப்பட்டவர் வந்து கதை சொல்ல வழியில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தாய் டால்பின் தளர்ந்த குட்டியை மேற்பரப்புக்கு ஏந்துவதும், இறந்த குட்டியை நாள்கணக்கில் சுமப்பதும் நன்றாகப் பதிவானவை, அந்தப் பழக்கம் வேறு உயிரிடமும் திரும்பலாம். ஆனால் மனிதனோடு டால்பின் உண்மையாகவே கைகோக்கும் இடம் பிரேசிலின் லகுனா. அங்கே நூற்றுநாற்பது ஆண்டுக்கும் மேலாக வீச்சு வலைக்காரர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று டால்பின்களுக்காகக் காத்திருக்கிறார்கள். மடவை மீன் கூட்டத்தை டால்பின் கரைப்பக்கம் ஒதுக்கிவந்து, சட்டென்று ஆழ முங்கி சைகை காட்டும். அந்த நொடியில் வலை விழுந்தால் வலைக்காரருக்கும் மீன், சிதறுகிற மீன் டால்பினுக்கு. 2023-ல் வெளியான ஆய்வு, இரு தரப்பும் ஒருவர் நேரத்துக்கு ஒருவர் ஒத்துப்போகும்போது இருவருக்குமே லாபம் கூடுவதைக் காட்டியது. தியாகம், தெய்வீகம் எதுவும் வேண்டாம், கூட்டுத்தொழிலே போதும், அதுவே எனக்கு அழகாக இருக்கிறது.

கேமின் புதிர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழியை மறிக்கும் படிகக்கல், அதைத் திறக்க இன்னொரு படிகக்கல்லிடம் போய்ப் பாடி வரவேண்டும், பெரும்பாலும் இதுதான் மறுபடி மறுபடி. சாவி, பூட்டு. டால்பின் எப்படிச் சிக்கலை அவிழ்க்கும் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஷார்க் விரிகுடாவில் சில பெண் டால்பின்கள் கூம்பு வடிவக் கடற்பஞ்சைப் பிடுங்கி மூக்கில் மாட்டிக்கொண்டு கரடுமுரடான கடல்தரையைக் கிளறும், மூக்கு கிழியாமல் இருக்க. ஏன் இவ்வளவு சிரமம்? அந்தத் தரைக்குள் ஒளிந்திருக்கும் மீன்களுக்கு உடம்புக்குள் காற்று நிரம்பிய நீந்துபை கிடையாது, அதனால் சோனாரில் சரியாகச் சிக்காது, கிளறித்தான் ஆக வேண்டும். இந்த வித்தையை மகள்கள் தாயிடமிருந்து கற்கிறார்கள், மகன்கள் குறைவாகவே கற்கிறார்கள். அதே விரிகுடாவில் பெரிய சங்குக்குள் மீனைத் துரத்தி, சங்கை மூக்கால் தூக்கி மேலே கொண்டுவந்து குலுக்கி வாயில் கொட்டிக்கொள்ளும் டால்பின்களும் உண்டு, அது தாயிடமிருந்து வருவதைவிடக் கூட்டாளிகளைப் பார்த்துப் பரவுகிறது என்று 2020-ல் எழுதினார்கள். ஃப்ளோரிடாவின் ஆழமில்லாத நீரில் ஒரு டால்பின் வாலால் சேற்றைக் கலக்கியபடி மீன் கூட்டத்தைச் சுற்றி வட்டம் போட, பயந்து துள்ளும் மீன்களை மற்றவை வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும். இந்த மூன்றில் ஒன்றை வைத்தாவது ஒரு லெவல் செய்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் தோன்றும். எக்கோ சாப்பிடுவது வெறுமனே மீன்மேல் மோதுவதுதான், உயிர்க்கோடு ஏறிவிடும், வேலை முடிந்தது.

ஓர்க்கா வழிகாட்டி ஆவது இன்னொரு விஷயம். ஓர்க்காவும் டால்பின் குடும்பத்தைச் சேர்ந்ததே, அந்தக் குடும்பத்திலேயே பெரியது. ஆனால் ஓர்க்காக்களில் மீன் மட்டும் தின்னும் கூட்டங்களும் உண்டு, கடல்நாய், டால்பின், திமிங்கலக் குட்டி என்று வேட்டையாடும் கூட்டங்களும் உண்டு. பக்கத்துப் பக்கத்துக் கடலில் வாழ்ந்தாலும் இவை ஒன்றோடொன்று கலப்பதில்லை, உணவும் அழைப்பொலியும் வேறுவேறு. இளம் டால்பின் ஒன்று தனியாக ஓர்க்காவிடம் போய் வழி கேட்பது கதையில்தான் நடக்கும். நிஜத்தில் எக்கோ முதலில் கண்டுபிடிக்க வேண்டியது இது எந்த வகை ஓர்க்கா என்பதைத்தான், அதிலும் ஒரு நல்ல புதிர் இருந்திருக்கும்.

2000-ல் சேகாவின் ட்ரீம்காஸ்ட் கன்சோலில் வந்த இன்னொரு எக்கோ கேம் ‘டிஃபெண்டர் ஆஃப் த ஃப்யூச்சர்’ பற்றியும் ஒரு வார்த்தை. அதன் கதைக்கு அறிவியல் புனைகதை எழுத்தாளர் டேவிட் பிரின் வந்தார். டால்பின் குலத்தின் அறிவு, கருணை, பணிவு, லட்சியம் போன்ற குணங்களை எதிரி திருடிவிட, எதெது குறைந்தால் டால்பின்கள் எப்படி மாறும் என்று வேறுவேறு காலக்கோடுகளில் காட்டுகிறது. கருணை இல்லாத அறிவு கொடூரமாகிவிடும் உலகம் அதில் உண்டு. முதல் கேமைவிட இது யோசிக்கத் துணிந்தது, படமும் அழகு, நீரின் ஒளி இன்றைக்கும் கண்ணில் நிற்கும். ஆனாலும் நற்குணம் எல்லாம் இயல்பாகவே டால்பினிடம் இருந்ததாகவும் வெளியே இருந்து வந்தவன் திருடியதாகவும்தான் அதிலும் கதை. கேமராவும் ரொம்பப் படுத்தும்.

இனி வாங்குபவருக்கான விஷயம். முதல் எக்கோ மிகக் கடினம், சில இடங்களில் நியாயமற்ற கடினம். சுறாவும் சொறிமீனும் வரும்வரை தாங்கலாம், பின்பாதியில் திரை தானாக நகர்ந்துகொண்டே இருக்கும் லெவல்களில் ஒரு சுவருக்கும் திரை ஓரத்துக்கும் நடுவே மாட்டி நசுங்கிச் சாவது சாதாரணம். பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைத் தனியாக விளையாட விடாதீர்கள், கடினம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, அந்த ஆழமும் அமைதியும் கடைசியில் வரும் வோர்டெக்ஸ் ராணியும் நிஜமாகவே பயமுறுத்தும். பக்கத்தில் உட்கார்ந்து விளையாடினால் நிறுத்தி நிறுத்திப் பேச நிறைய கிடைக்கும். காற்றுக்கோடு குறையும்போது அரைமூளைத் தூக்கத்தைச் சொல்லலாம், பாட்டு பட்டனை அழுத்தும்போது சீழ்க்கையைச் சொல்லலாம், மேலே எழுதியதெல்லாம் அப்படிப் பேசியதில் சேர்ந்தவைதான்.

இசைக்கு இரண்டு வடிவம் உண்டு. மெகா டிரைவ் இசை இருட்டாக, அழுத்தமாக இருக்கும். மெகா டிரைவோடு இணைக்கும் மெகா சிடி சாதனத்துக்கான பதிப்பில் ஸ்பென்சர் நில்சனின் இசை விரிவாக, மிதப்பதுபோல இருக்கும். முதல்முறை விளையாடுபவருக்கு நான் சொல்வது மெகா டிரைவ் பதிப்பு, கடல் கொஞ்சம் பயமாக இருந்தால்தான் இந்தக் கதை ஒட்டும். பழைய கன்சோலில் ஒவ்வொரு லெவலுக்கும் பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வைக்க வேண்டும், பிறகு வந்த தொகுப்புகளில் நினைத்த இடத்தில் சேமிக்கும் வசதி இருக்கிறது, அதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். குறிப்பாகக் கடைசிச் சண்டைக்கு முன்னால் கட்டாயம் சேமித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அங்கே தோற்றால் அதற்கு முந்தைய, திரை தானாக நகரும் அந்த நீளமான இயந்திர லெவலின் ஆரம்பத்துக்கே தூக்கிப் போட்டுவிடும்.